சாயம் அடுக்கிக்கொள்ளும், மின்னூட்டம் ஓடுமா?

பெரிலீன் பிஸ்இமைடு சாயத்தை மெத்தில்சைக்ளோஹெக்சேனில் போட்டு 90 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கினால் ஆரஞ்சு நிறத்தில் தெளிவாகக் கரைந்து நிற்கும். விளக்கை மேலே காட்டினால் மஞ்சள் கலந்த பச்சையில் பளிச்சென்று ஒளிரும். இனி நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் ஆறவிடுங்கள். ஒரு வெப்பநிலை வரை எதுவும் நடக்காது. அதைத் தாண்டியதும் சில டிகிரிகளுக்குள்ளேயே ஒளிர்வு மங்கி, கரைசல் அடர்சிவப்பாகிவிடும். தனித்தனியே திரிந்த மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சீட்டுக்கட்டுபோல் அடுக்கிக்கொண்டன. யாரும் அடுக்கவில்லை, ஹைட்ரஜன் பிணைப்பும், தட்டையான வளையங்களுக்கு இடையிலான ஈர்ப்பும், எண்ணெய்த்தன்மையுள்ள பக்கச்சங்கிலிகளும் சேர்ந்து செய்த வேலை அது.

நுண்ணோக்கியில் பார்த்தால் நீளமான மெல்லிய இழைகள். இதைப் பார்த்ததும் எல்லோருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: மின்கம்பி தயார், இரண்டு தங்க மின்வாய்களுக்கு நடுவே போட்டால் டிரான்சிஸ்டர். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. ஏன் என்று புரிந்துகொள்ள, இந்த அடுக்கும் உத்தியை நாம் யாரிடமிருந்து எடுத்தோமோ அந்த உயிர் அதை எதற்கு வைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பசுங்கந்தக பாக்டீரியாக்கள் ஒளி மிகக் குறைந்த இடங்களில் வாழ்பவை. கருங்கடலில் 80 முதல் 100 மீட்டர் ஆழத்தில்கூட இவை இருக்கின்றன. கிடைக்கும் ஒவ்வொரு ஒளித்துகளையும் பிடிக்க, குளோரோசோம் என்ற பையில் ஒன்றிரண்டு லட்சம் பாக்டீரியோகுளோரோஃபில் மூலக்கூறுகளைத் திணித்து வைத்திருக்கின்றன. மற்ற ஒளி அறுவடை அமைப்புகளில் சாயத்தைப் பிடித்து நிறுத்த ஒரு புரதச் சட்டகம் இருக்கும். இங்கே அது இல்லை. ஒரு மூலக்கூறின் நடுவிலுள்ள மக்னீசியம் அடுத்ததன் ஹைட்ராக்சில் தொகுதியைப் பற்றுகிறது. அந்த ஹைட்ராக்சில் மூன்றாவதன் கீட்டோ தொகுதியோடு ஹைட்ரஜன் பிணைப்பு போடுகிறது. குழாய் வடிவம் தானே வந்துவிடுகிறது. புரதம் தேவையில்லை என்பதால்தான் வேதியியலாளர்களுக்கு இதன்மேல் இவ்வளவு ஆசை.

ஆனால் அந்தக் குழாயில் ஓடுவது மின்னூட்டம் இல்லை, எக்சைட்டான். அதாவது எலக்ட்ரானும் துளையும் (எலக்ட்ரான் விட்டுப்போன நேர்மின் காலியிடம்) பிரியாமல் ஜோடியாகச் சுமந்து செல்லும் கிளர்ச்சி ஆற்றல். எலக்ட்ரான் பிரிவது, அந்த ஆற்றல் போய்ச் சேரும் புரதமான வினைமையத்தில்தான். ஊதாப் பாக்டீரியாவின் வினைமையத்தில் சிறப்பு ஜோடியிலிருந்து (ஒட்டி நிற்கும் இரண்டு பாக்டீரியோகுளோரோஃபில்கள்) பாக்டீரியோஃபியோஃபைட்டினுக்கு எலக்ட்ரான் போக ஏறத்தாழ 3 பிக்கோவிநாடி. அங்கிருந்து முதல் குயினோனுக்கு 200 பிக்கோவிநாடி அளவில். அதிலிருந்து இரண்டாம் குயினோனுக்கு நூறு மைக்ரோவிநாடி வரிசையில். மொத்தப் பயணமும் சில நானோமீட்டர்தான். அதிலும் சாயங்கள் நெருங்கி அடுக்கப்படவில்லை. புரதம் ஒவ்வொன்றையும் உரிய இடைவெளியில் தனியே பிடித்து வைத்திருக்கிறது, எலக்ட்ரான் திரும்பிப் போகாதபடி. 1985-இல் டெய்சன்ஹோஃபர், ஹூபர், மிஷெல் மூவரும் அந்த அமைப்பை எக்ஸ் கதிர் படிகவியலால் காட்டினார்கள். 1988-இல் நோபல் பரிசு கிடைத்தது. சுருக்கமாக, உயிரானது ஆற்றலைக் கடத்த அடுக்கை வைத்திருக்கிறது; மின்னூட்டத்தைப் பிரிக்க வேறொரு கட்டமைப்பை வைத்திருக்கிறது. நாமோ முதலாவதன் வடிவத்தை எடுத்து இரண்டாவதன் வேலையை, அதுவும் ஆயிரம் மடங்கு தூரத்துக்கு, செய்யச் சொல்கிறோம்.

இந்த இரண்டும் ஒரே இயற்பியல் இல்லை. எக்சைட்டான் தாவுவதற்கு இருமுனைகளுக்கு இடையிலான மின்புலம் போதும். அது தூரத்தின் முப்படிக்கு ஏற்பக் குறையும். தூரம் இரட்டித்தால் எட்டில் ஒரு பங்காகும், ஆனால் மறைந்துவிடாது. எலக்ட்ரான் தாவ அலைச்சார்புகள் நேரடியாக ஒன்றின்மேல் ஒன்று படிய வேண்டும். அது அடுக்குக்குறிப்படி சரியும்: 3.4 ஆங்ஸ்ட்ராமில் நன்றாக இருப்பது 7 ஆங்ஸ்ட்ராமில் ஏறக்குறைய பூச்சியம். எனவே நிறமாலை சிவப்புப் பக்கம் நகர்ந்துவிட்டது, ஜே-திரள் (நழுவி அடுக்கியதால் நிறமாலை அப்படி நகர்ந்த திரள்) கிடைத்துவிட்டது என்பது ஆற்றல் இணைப்பைப் பற்றிய செய்தி. மின்னூட்டத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. 1936-இல் ஷைபேயும் ஜெல்லியும் சயனின் சாயங்களில் அந்தக் கூர்மையான பட்டையைக் கண்டதிலிருந்து இந்தக் குழப்பம் அவ்வப்போது தலைதூக்கிக்கொண்டேதான் இருக்கிறது.

சரி, எலக்ட்ரான் ஓர் அடுக்கில் எவ்வளவு வேகமாகப் போகும்? கணக்குப் போட்டே பார்க்கலாம். எலக்ட்ரான் தாவலை விளக்கும் மார்கஸ் கோட்பாட்டில் தாவும் வேகத்தைத் தீர்மானிப்பவை இரண்டு. ஒன்று, அடுத்தடுத்த மூலக்கூறுகளுக்கு இடையிலான கைமாற்று இணைப்பு. மற்றொன்று, எலக்ட்ரான் வந்து உட்கார்ந்ததும் மூலக்கூறு தன் பிணைப்பு நீளங்களை மாற்றிக்கொள்ளச் செலவிடும் மறுசீரமைப்பு ஆற்றல். பெரிலீன் பிஸ்இமைடுக்குப் பொருந்தும்படி இணைப்பு 50 மில்லி எலக்ட்ரான் வோல்ட், மறுசீரமைப்பு 0.3 எலக்ட்ரான் வோல்ட் என்று வைத்தால், அறை வெப்பநிலையில் விநாடிக்கு ஏறத்தாழ 4 லட்சம் கோடித் தாவல்கள் வரும். 3.4 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியுள்ள ஒற்றை வரிசையில் இது 0.19 சதுர சென்டிமீட்டர்/வோல்ட்-விநாடி நகர்திறனைத் தரும்; மின்புலத்தில் மின்னூட்டம் எவ்வளவு எளிதாக நகர்கிறது என்பதன் அளவு அது. (இனி எல்லா நகர்திறன் எண்களும் இதே அலகில்தான்.) மறுசீரமைப்பை 0.2-ஆகக் குறைத்தால் 0.6. இணைப்பைப் பாதியாக்கினால் வேகம் கால் பங்காகி, முதல் எண் 0.05-க்கு வந்துவிடும், ஏனென்றால் இணைப்பு இருபடியாக வருகிறது.

அந்த இருபடிதான் அடுக்கைத் திட்டமிடுபவரின் தலைவலி. சாய மூலக்கூறின் எல்லை ஆர்பிட்டாலில் (எலக்ட்ரான் வந்து உட்காரும் அலைச்சார்பு) நேர்மடல்களும் எதிர்மடல்களும் கட்டம் கட்டமாக மாறிமாறி வரும். இரண்டு மூலக்கூறுகள் சரியாக மேலும் கீழுமாக நின்றால் மடலோடு மடல் ஒத்துப்போகும். மேலது ஓரிரு ஆங்ஸ்ட்ராம் பக்கவாட்டில் நழுவினால் நேர்மடல் எதிர்மடலின்மேல் உட்கார்ந்து, இணைப்பு ஏறக்குறைய பூச்சியமாகும். இன்னும் கொஞ்சம் நழுவினால் குறி மாறி மறுபடி ஏறும். அடுக்கு இடைவெளி, நிறம், எக்ஸ் கதிர்ச் சிதறலில் வரும் அழகான கோடு எல்லாம் ஒரே மாதிரி இருந்தும் ஒரு சாயம் கடத்தும், அதன் ஒன்றுவிட்ட தம்பி கடத்தாது. பக்கச்சங்கிலியை எத்தில்ஹெக்சிலிலிருந்து வேறு கிளைச்சங்கிலிக்கு மாற்றுவது கரைதிறனுக்காகத்தான் என்று நினைத்துச் செய்வோம். நழுவலும் சேர்ந்து மாறியிருக்கும். ஆகவே புதிய சங்கிலி போட்ட ஒவ்வொரு முறையும் ஒற்றைப் படிகம் ஒன்று வளர்த்து, அமைப்பைத் தீர்த்து, அந்தக் குறிப்பிட்ட ஜோடிக்கு இணைப்பைக் கணக்கிட்டுப் பார்ப்பதே நேர்மையான வழி. படிகம் வராத சாயமாக இருந்தால், கணினியில் நழுவலை அரை ஆங்ஸ்ட்ராம் படியாக நகர்த்தி முழு வரைபடத்தையும் போட்டுவிடுங்கள். ஒரு புள்ளியை மட்டும் கணக்கிட்டு முடிவு சொல்வது வீண்.

இனி செய்முறை. அடுக்கு உருவாகிறதா என்று பார்க்கக் கையில் இருக்கும் மலிவான கருவி உறிஞ்சல் நிறமாலைமானி. குடாப் பகுதியில் (பெரிலீன் வளையங்களின் பக்கவாட்டு உள்வளைவு) பதிலீடு இல்லாத பெரிலீன் பிஸ்இமைடை குளோரோஃபார்மில் 10⁻⁵ மோலார் செறிவில் எடுத்து, ஒரு சென்டிமீட்டர் கியூவெட்டில் அளந்தால் 526 நானோமீட்டரை ஒட்டி 0.8 முதல் 0.9 வரை உறிஞ்சல் வரும். அதற்குப் பக்கத்தில் 490-ஐ ஒட்டி அடுத்த முகடு. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் தனி மூலக்கூறுக்கு ஏறத்தாழ 1.6. நேருக்கு நேர் அடுக்கியதும் இந்த விகிதம் ஒன்றுக்குக் கீழே, 0.6 அல்லது 0.7 வரை இறங்கும். நடுவில் 1.1 என்று நின்றால் பாதி அடுக்கு, பாதி தனி என்று பொருள். அந்தக் கரைசலைப் படலமாக வார்க்காதீர்கள்.

குளிர்விக்கும்போது இந்த விகிதத்தை வெப்பநிலைக்கு எதிராக வரைந்துகொள்வது நல்லது. வளைவு வழுவழுப்பான எஸ் வடிவமாக இருந்தால் மூலக்கூறுகள் ஒவ்வொன்றும் சம வாய்ப்போடு சேர்கின்றன. குட்டை அடுக்குகள்தான் மிஞ்சும். ஓரிடத்தில் சட்டென்று முறிந்து சரிந்தால் முதலில் கரு உருவாகி அதன்மேல் வளர்ச்சி நடக்கிறது. நீண்ட இழைகள் கிடைக்க வாய்ப்பு அதிகம். மீண்டும் சூடாக்கி அதே வளைவில் திரும்புகிறதா என்றும் பாருங்கள். திரும்பவில்லை என்றால் குளிர்வித்த வேகம் அதிகம், நிமிடத்துக்கு 0.2 டிகிரிக்கு இறக்கிப் பார்க்கலாம். அவசரமாக ஆற்றிய கரைசலில் நிலையற்ற வேறொரு திரள் முந்திக்கொண்டு உருவாகி, சில மணி நேரமோ சில நாளோ கழித்து மாறும். 2014-இல் ஜப்பானில் ஒரு போர்ஃபிரின் சாயத்தில் இதையே உத்தியாக்கினார்கள்: முதலில் வரும் ஜே-திரள் துகள்கள் பொறுத்திருந்தால் எச்-திரள் (நேருக்கு நேர் அடுக்கிய திரள்) இழைகளாகின்றன; விதை இழை போட்டால் உடனே, அதுவும் நீளத்தைக் கட்டுப்படுத்தியபடி. அந்த உத்தியைத் தெரியாமலே செய்துவிட்டு, திங்கட்கிழமைப் படலமும் வியாழக்கிழமைப் படலமும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று தேடுவோர்தான் அதிகம்.

இழையின் நீளத்தைக் கெடுப்பது பெரும்பாலும் தூய்மைக் குறைவு. பெரிலீன் பிஸ்இமைடில் மிஞ்சும் ஒருபக்க இமைடு, ஒருபக்க நீரிலியான பாதி விளைபொருள் ஒரு நல்ல தடுப்பான்: இழைமுனையில் ஒட்டிக்கொண்டு அடுத்தது சேர விடாது. நூற்றுக்கு ஒன்று இருந்தாலே அடுக்கின் சராசரி நீளம் நூறு மூலக்கூறு அளவில் நின்றுவிடும். அதாவது 34 நானோமீட்டர். சாதாரண டிரான்சிஸ்டரின் வாய்க்கால், அதாவது இரண்டு மின்வாய்களுக்கு இடையிலான தூரம், 10 மைக்ரோமீட்டர். அதை ஒரே அடுக்கு கடக்க 29,000-க்கு மேற்பட்ட மூலக்கூறுகள் இடைவெளியின்றி நிற்க வேண்டும். இப்போது புரியும்: நாம் அளப்பது அடுக்குக்குள் நடக்கும் ஓட்டத்தை இல்லை, ஓர் இழையிலிருந்து அடுத்த இழைக்கு நூற்றுக்கணக்கான முறை தாவும் சிரமத்தை.

அந்தத் தாவலை இன்னும் கிட்டப் போய்ப் பார்ப்போம். கரைவதற்காக இருபுறமும் 13 கார்பன் கொண்ட இரட்டைக்கிளைச் சங்கிலி போட்ட பெரிலீன் பிஸ்இமைடின் மூலக்கூறு நிறை 755. அதில் 367 சங்கிலி. எடையில் ஏறக்குறைய பாதி மின்காப்புப் பொருள்! இழையின் நடுத்தண்டில் சாயம், சுற்றிலும் மெழுகுறை. இரண்டு இழைகள் உரசி நின்றாலும் தண்டுக்கும் தண்டுக்கும் இடையில் ஒன்று ஒன்றரை நானோமீட்டர் மெழுகு. எலக்ட்ரான் அதைத் துளைத்துத்தான் போக வேண்டும். உயிர்களின் புரதங்களில்கூட ஒரே தாவலில் எலக்ட்ரான் கடக்கும் தூரம் 14 ஆங்ஸ்ட்ராமைத் தாண்டுவது அரிது. வீட்டு மின்கம்பிகளை உறையோடு முறுக்கிவிட்டு மின்சாரம் வரவில்லை என்பதுபோல்தான் இது. அப்படியானால் சங்கிலியைக் குட்டையாக்கலாமே என்றால், கரையாது. கரையாத சாயத்தைத் தூய்மைப்படுத்த முடியாது. தூய்மையில்லாத சாயம் குட்டை அடுக்காகும். இந்த வட்டத்தைவிட்டு முழுவதும் வெளியே வந்தவர் யாருமில்லை. சமரசப் புள்ளியைத் தேடுவதுதான் வேலை.

குளோரோசோமை நேரடியாகப் பின்பற்றும் துத்தநாகக் குளோரின்களுக்கு (பச்சையத்திலிருந்து செய்து, மக்னீசியத்துக்குப் பதில் துத்தநாகம் வைத்த சாயங்கள்; குளோரின் வாயு இல்லை) வேறு வகைக் கவனம் தேவை. மூலப்பொருளாக ஸ்பைருலினாவை எடுப்பதற்குக் காரணம், அதில் பச்சையம்-ஏ மட்டுமே உண்டு, பச்சையம்-பி கிடையாது. பிரித்தெடுக்கும் பாடு பாதியாகும். மக்னீசியம் சற்றே அமிலம் பட்டாலும் கழன்றுவிடும். துத்தநாகம் அதைவிட உறுதியாக உட்கார்ந்து, அதே போல ஓர் அச்சுப் பிணைப்பையும் தரும். டெட்ராஹைட்ரோஃப்யூரானில் தனி மூலக்கூறின் சிவப்புப் பட்டை 647 நானோமீட்டரில் நிற்கும். அந்தக் கரைசலை நூறு மடங்கு ஹெக்சேனில் கலக்கி ஊற்றினால் 740-ஐ ஒட்டிப் போய்விடும், நீலப்பச்சை மங்கிய பச்சையாகும். பட்டை 660-ஐ ஒட்டி எட்டிப்பார்த்தால் துத்தநாகம் ஏறாத மூலக்கூறுகள் மிஞ்சியிருக்கின்றன.

இங்கே பெரும்பாலான தோல்விகள் கரைப்பான் பாட்டிலிலிருந்துதான் கிளம்பும். கடையில் வரும் குளோரோஃபார்மில் நிலைப்படுத்தியாக எத்தனால் கலந்திருக்கும். அது துத்தநாகத்தோடு தானே பிணைந்து, ஹைட்ரஜன் பிணைப்பையும் பிடுங்கிக்கொள்ளும். எத்தனால் இல்லாத வகை பழசானால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்ந்து, துத்தநாகத்தையே கழற்றிவிடும். டெட்ராஹைட்ரோஃப்யூரானில் பெராக்சைடு இருந்தால் சாயம் ஆக்சிஜனேற்றமடையும். ஆகவே குளோரோஃபார்மை அடிப்படை அலுமினா வழியே வடித்து அன்றைக்கே பயன்படுத்துங்கள், விளக்கொளியைத் தணித்து வேலை செய்யுங்கள். உருவான திரள் உண்மையில் துத்தநாகப் பிணைப்பால் நிற்கிறதா என்று சோதிக்க ஒரு துளி பிரிடின் போதும். உடனே பட்டை தனி மூலக்கூறு இடத்துக்கே திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் கியூவெட்டில் இருப்பது ஒழுங்கான திரளில்லை, வீழ்படிவு அல்லது சிதைந்த சாயம்.

ஹைட்ராக்சிலை மெத்தாக்சியாக மாற்றினால் ஹைட்ரஜன் பிணைப்பு போய்விடும். குழாய் உருவாகாது, வெறும் அடுக்குகள்தான். இதைக் குறை என்று எண்ண வேண்டாம். துடிப்புக் கதிர்வீச்சு நுண்ணலை முறையில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட், ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் குழுக்கள் 2012-இல் அளந்தபோது இந்தக் குடும்பத்தில் 0.1 வரிசையில் நகர்திறன் கிடைத்தது. மேலே நாம் காகிதத்தில் போட்ட கணக்கோடு அது ஒத்துப்போகிறது என்பதைக் கவனியுங்கள். காரணமில்லாமல் இல்லை.

நுண்ணலை முறையில் மின்வாயே கிடையாது. மின்னூட்டங்களை உள்ளேயே உருவாக்கி, அவை பத்து கிகாஹெர்ட்ஸ் அளவிலான அலையை எவ்வளவு உறிஞ்சுகின்றன என்று பார்ப்பார்கள். அந்த அலையின் அரைச்சுற்று 50 பிக்கோவிநாடி. நகர்திறன் 0.1 உள்ள மின்னூட்டம் அந்த நேரத்தில் பரவும் தூரம் 5 நானோமீட்டர், அதாவது 15 மூலக்கூறு. பழுதே இல்லாத துண்டில் கார் எவ்வளவு வேகம் போகும் என்பதை இது சொல்கிறது. டிரான்சிஸ்டரோ ஊர்விட்டு ஊர் போகும் நேரத்தைச் சொல்கிறது, நடுவிலுள்ள எல்லாக் குழிகளையும் சேர்த்து. ஒரே சாயத்துக்கு முதலாவது 0.1 என்றும் இரண்டாவது 10⁻⁵ என்றும் சொன்னால் இரண்டும் பொய்யில்லை. குறை அடுக்கில் இல்லை, இழையும் இழையும் சந்திக்கும் இடங்களில் இருக்கிறது என்பது அந்த இடைவெளியின் பொருள். எந்த முறை என்று சொல்லாமல் நகர்திறனை மட்டும் பெருமையாகக் குறிப்பிடும் கட்டுரைகளை நம்பாதீர்கள்.

மூன்றாவது முறை, இடமின்னூட்டம் கட்டுப்படுத்தும் மின்னோட்டம். இரண்டு மின்வாய்களுக்கு நடுவே படலத்தைச் சாண்ட்விச்சாக வைத்து, மின்னழுத்தத்தின் இருபடிக்கு ஏற்ப மின்னோட்டம் ஏறும் பகுதியைப் பொருத்துவது. 200 நானோமீட்டர் படலம், மின்காப்பு மாறிலி 3, நகர்திறன் 10⁻⁴ என்றால் 3 வோல்டில் சதுர சென்டிமீட்டருக்கு 34 மில்லி ஆம்பியர் வர வேண்டும். இந்தச் சூத்திரத்தில் தடிமன் முப்படியாக வருவதால், தடிமனில் பத்து சதவீதப் பிழை நகர்திறனில் முப்பது சதவீதத்துக்கு மேல் போகும். இழைவலைப் படலத்துக்குத் தடிமன் என்று எதைச் சொல்வது? மேடும் பள்ளமும், நடுவில் வெற்றிடமும். இழைகளுக்கு இந்த முறையே பொருந்தாது என்பது என் கருத்து.

டிரான்சிஸ்டருக்கு 300 நானோமீட்டர் சிலிக்கன் டையாக்சைடு மேல் வேலை செய்தால் மின்தேக்குத்திறன் சதுர சென்டிமீட்டருக்கு 11.5 நானோ ஃபாரட். மின்னோட்டத்தின் இருபடிமூலத்தை வாயில் (மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மின்வாய்) மின்னழுத்தத்துக்கு எதிராக வரைந்தால் சில நேரம் வளைவு முதலில் செங்குத்தாக ஏறி, பிறகு சாயும். செங்குத்துப் பகுதியில் சாய்வை எடுத்தால் நகர்திறன் பல மடங்கு பெரிதாகத் தெரியும்; அது பெரும்பாலும் மின்வாய்த் தொடர்பின் விளையாட்டு. உயர் மின்னழுத்தத்தில் உள்ள சாய்வைத்தான் எடுக்க வேண்டும்.

நீரில் அடுக்கும் சாயங்களில் இன்னொரு பொறி காத்திருக்கிறது. அமினோ அமிலம் இணைத்த பெரிலீன் பிஸ்இமைடுகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பெரிலீன் இருநீரிலியையும் இரண்டு மடங்குக்குச் சற்று மேலான எல்-அலனினையும் உருகிய இமிடசோலில் 120 டிகிரியில் சில மணி நேரம் வைத்து, நீரில் கரைத்து வடித்து, அமிலமாக்கினால் சிவப்புத் தூள் கிடைக்கும். மூலக்கூறு நிறை 534.5. பத்து மில்லிலிட்டர் நீரில் 50 மில்லிகிராம் எடுத்தால் 0.094 மில்லிமோல், இரண்டு கார்பாக்சில்கள் இருப்பதால் 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 1.87 மில்லிலிட்டர் வேண்டும். அதையும் அந்தப் பத்துக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள். அடர்சிவப்பாகக் கரைந்ததும் 50 மில்லிகிராம் குளுக்கோனோலாக்டோனைப் போட்டுக் கலக்கி, அசைக்காமல் ஓரிரவு விடுங்கள். அது மெதுவாக நீராற்பகுந்து அமிலமாவதால், கரைசல் முழுவதும் ஒரே சீராக அமிலக்காரநிலை இறங்கி இழைவலை உருவாகிக் கூழாகும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டினால் சொட்டு விழுந்த இடத்தில் கட்டியும் மற்ற இடத்தில் தண்ணீருமாகத்தான் இருக்கும்.

இதைக் காயவைத்துத் தங்க மின்வாய்களுக்கு நடுவே அளந்தால் மின்னோட்டம் வரும். மகிழ்ச்சி அடையும் முன், அந்தப் படலத்தில் சோடியம் அயனியும் குளுக்கோனிக் அமிலமும் பிடித்துவைத்த ஈரமும் இருக்கின்றன என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஓடுவது எலக்ட்ரானா, அயனியா? ஒரு வோல்ட் கொடுத்துப் பத்து நிமிடம் அப்படியே வைத்துப் பாருங்கள். அயனி என்றால் மின்வாயில் குவிந்து மின்னோட்டம் வடிந்துகொண்டே போகும், எலக்ட்ரான் என்றால் ஓரளவில் நிலைக்கும். பிறகு ஓரிரவு வெற்றிடத்தில் வைத்து மறுபடி அளக்கவும். நூறோ ஆயிரமோ மடங்கு விழுந்தால் அதுவரை பார்த்தது தண்ணீரை. ஈரக்காற்றுக்குப் பதில் கனநீர் ஆவி கொடுத்து மின்னோட்டம் ஏறத்தாழ 1.4-இல் ஒரு பங்காகக் குறைகிறதா என்று பார்ப்பது புரோட்டானைப் பிடிக்கும் வழி. இந்தப் படலங்களில் உண்மையான எலக்ட்ரான் கடத்தலுக்கு நல்ல அடையாளமும் உண்டு: 365 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் எதிரயனி ரேடிக்கல்கள் (கூடுதலாக ஓர் எலக்ட்ரான் ஏற்ற சாய மூலக்கூறுகள்) உருவாகி, 700 முதல் 1000 நானோமீட்டர் வரை புதிய பட்டைகள் முளைக்கும், கடத்தலும் கூடவே ஏறும். ஒளியை அணைத்தபின் இரண்டும் சேர்ந்தே இறங்கினால் நம்பலாம்.

மெலனின் விஷயத்தில் துறையே இதில் பல ஆண்டுகள் சிக்கியிருந்தது. 1974-இல் மெலனின் மின்சுவிட்சுபோல் நிலைமாறுவதாக வந்த அறிக்கைக்குப்பின் அது ஒரு படிகமற்ற குறைக்கடத்தி என்றே பேசப்பட்டது. 2012-இல்தான் ஈரத்தோடு கூடிவரும் அயனிக் கடத்தலின் பங்கு தெளிவாக்கப்பட்டது.

இவ்வளவு பாடுபட்டு இழைகளை நெய்யும்போது, ஓரமாக உட்கார்ந்து சிரிக்கும் சாயம் ஒன்று உண்டு: அவுரி. அதற்குப் பக்கச்சங்கிலி கிடையாது. மூலக்கூறுகள் நைட்ரஜன்-ஹைட்ரஜன், கார்பன்-ஆக்சிஜன் தொகுதிகளால் ஹைட்ரஜன் பிணைப்பில் பக்கத்துப் பக்கம் கோத்துக்கொள்கின்றன, செங்குத்தாக அடுக்கியும் நிற்கின்றன. கரையவே கரையாது, வெற்றிடத்தில் பதங்கமாக்கித்தான் தூய்மைப்படுத்த வேண்டும், இரண்டு மூன்று முறை. 2012-இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரக் குழு இதில் எலக்ட்ரான், துளை இரண்டுக்கும் 0.01 அளவில் நகர்திறன் காட்டியது. ஆற்றல் இடைவெளி 1.7 எலக்ட்ரான் வோல்டுதான் என்பதால் இரண்டையும் செலுத்த முடிகிறது. கடல்நத்தையிலிருந்து வந்த ஊதாச் சாயமான டைபுரோமோ அவுரியில் 0.4 வரை போனது, அவுரியின் உறவுச் சாயமான எபிண்டோலிடையோனில் 1.5, காற்றிலேயே. இங்கேயும் ஒரு நிபந்தனை: மின்காப்பு மேற்பரப்பில் டெட்ராடெட்ராகான்டேன் போன்ற நீண்ட ஹைட்ரோகார்பன் பூச்சு வேண்டும். அதன்மேல்தான் சாயம் எழுந்து நின்று, அடுக்கின் திசை மின்னோட்டத்தின் திசையோடு ஒத்துவரும். அந்தப் பூச்சு 86 டிகிரியை ஒட்டி உருகிவிடும் என்பதால், சாயத்தை ஆவியாக்கும்போது அடித்தளத்தைச் சூடாக்குவதில் கை அடக்கம் வேண்டும்.

கரைசலில் வார்க்கவும் வேண்டும், பக்கச்சங்கிலியும் கூடாது என்றால் மறைநிறமி முறை இருக்கிறது. 1997-இல் டைகீட்டோபிர்ரோலோபிர்ரோல் போன்ற நிறமிகளுக்குக் காட்டப்பட்டது. நைட்ரஜன்களில் டெர்ட்-பியூட்டாக்சிகார்பனைல் தொகுதியை ஏற்றிக் கரைய வைத்து, படலமாக்கியபின் 180 டிகிரி அளவில் சூடாக்கினால் அது கார்பன் டையாக்சைடாகவும் ஐசோபியூட்டீனாகவும் பறந்துவிடும். ஹைட்ரஜன் பிணைப்பு அங்கேயே பூட்டிக்கொள்ளும். அவுரிக்கு இதைச் செய்தால் எடையில் 43 சதவீதம் வாயுவாகப் போகும். படலம் தடித்திருந்தால் விரிசலும் ஊசித்துளையும் நிச்சயம். 50 நானோமீட்டருக்குள் வார்த்து, நிமிடத்துக்கு ஓரிரு டிகிரி என்று மெல்ல ஏற்றுங்கள். வாயு போக வழி கிடைக்கும். வெப்பத்தகட்டில் நேரடியாக வைத்த படலத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் வறண்ட குளத்துச் சேறு மாதிரி இருக்கும்.

கடைசியாகக் காற்று. எலக்ட்ரான் கடத்தும் சாயத்தின் காலி ஆர்பிட்டால் வெற்றிட மட்டத்துக்குக் கீழே 3.8 அல்லது 3.9 எலக்ட்ரான் வோல்டில் இருந்தால், ஆக்சிஜனும் ஈரமும் எலக்ட்ரானைப் பிடித்துக்கொள்ளும். சாதாரண பெரிலீன் பிஸ்இமைடுக்கு நைட்ரஜன் பெட்டிதான் கதி. குடாப் பகுதியில் இரண்டு சயனோ தொகுதி போட்டு அந்த மட்டத்தை 4.3 அருகே இறக்கினால் காற்றிலும் ஓடும். ஏற்கெனவே செய்த கருவி காற்றில் கெட்டால், கெட்டது எது என்று பிரித்துப் பார்க்க 24 மணி நேரம் வெளியே வைத்து மறுபடி அளக்கலாம். தொடக்க மின்னழுத்தம் நகர்ந்து, சாய்வு அப்படியே இருந்தால் எலக்ட்ரானைப் பிடித்துவைக்கும் பொறிகள் மட்டும் கூடியிருக்கின்றன. வெற்றிடத்தில் மிதமாகச் சூடாக்கினால் பெரும்பாலும் மீளும். சாய்வே விழுந்திருந்தால் அடுக்கு கலைந்திருக்கிறது. அப்போது படலத்தைச் சுரண்டி எடுத்துக் கரைத்து, 526-க்கும் 490-க்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள். 1.6 வந்தால் சாயம் பிழைத்திருக்கிறது, புதிதாக வார்த்துக்கொள்ளலாம்.